ஒரு வாரம் படம், ஒரு நாள் தேர்வு

எங்கள் சாசேஜ் ஆலையில் அரவை இயந்திரம் என்றால் என் அக்காதான். கல்யாணமான வருடம் அதன் முன்னால் வந்து நின்றவள், மகன் கல்லூரிக்குப் போன பிறகும் அங்கேயே நின்றாள். அரைக்கும்போது சூடு ஏறினால் கொழுப்பு பிரிந்து இறைச்சி மொத்தமும் பாழாகிவிடும். சூடு காட்டும் எண் கொஞ்சம் ஏறினாலே யோசிக்காமல் ஐஸை அள்ளிப் போடுவாள்.

இந்த வருடம் முதலாளிக்குப் புதுக் கிறுக்கு பிடித்தது. இனி இறைச்சி கிடையாதாம், பட்டாணிப் புரதத்தில் இறைச்சி மாதிரியே செய்யப் போகிறோமாம். பயிற்சி கொடுப்போம், தேறியவர்களுக்குத்தான் வேலை என்றார். மாமா முதுகு போய் வீட்டோடு கிடக்கிறார். அக்கா சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பயிற்சியாம் பயிற்சி! சாப்பாட்டு அறையில் திரையைக் கட்டி ஒரு வாரம் படம் காட்டினார்கள். உலகத்துக்கு எவ்வளவு புரதம் வேண்டும், குழுவாகச் சிரித்துக்கொண்டே எப்படி வேலை செய்வது என்று என்னென்னவோ வந்தது. மாவைச் சூட்டோடு அழுத்தி நார் நாராகத் தள்ளும் அந்தப் புது இயந்திரமோ பக்கத்துக் கூடத்தில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, விலை தெரியுமா, பழகாத கை பட்டால் கெட்டுவிடும் என்றாராம் பயிற்சியாளர். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு அன்றைக்குத்தான் உறையைக் கழற்றினார்கள். பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நன்றாகத்தான் ஓட்டினாள். சூடு காட்டும் எண் ஏறியது. பாழாய்ப்போன பழக்கம், கை தானாகப் போய்க் குறைத்துவிட்டது. இந்த மாவுக்கு அந்தச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே கல்லாக இறுகிவிடும். இறுகியது. இயந்திரம் முனகி நின்றது.

பயிற்சியாளர் தாளில் கோடு போட்டார். அக்கா அழவில்லை.

"ஒரு வாரம் படம் காட்டுனீங்களே சார், ஒரு மணி நேரம் இதுல நிக்க விட்டிருந்தா இந்தத் தப்ப அன்னைக்கே பண்ணி அன்னைக்கே கத்துக்கிட்டிருப்பேன்ல?"

அவர் அடைப்பை எடுக்க ஆள் தேடப் போய்விட்டார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் அக்காவே அதைப் பிரித்து, சாயங்காலம் வரை சுரண்டிக் கழுவினாள். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, வேலையை விட்டு அனுப்பமாட்டோம், பாதிச் சம்பளத்தில் இந்தக் கழுவும் வேலையைப் பார் என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். வேறென்ன செய்வாள்?

இப்போது புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் அதே படம் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை அவர்களுக்குத் தேர்வு. அன்றைக்கு வீட்டுக்கு வர நேரமாகும் என்று அக்கா மாமாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.