டச்சப்காரர் தொடாத படம்

எங்கள் தெருவில் மச்சங்களின் முதல் எதிரி யார் என்று கேட்டால் எல்லோரும் டச்சப்காரரைத்தான் கைகாட்டுவார்கள். முப்பத்தோரு வருடமாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்து, எடுக்கிற படத்தையெல்லாம் 'டச்சப்' செய்து திருத்தியே கொடுக்கிறார். மரு, பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவர் கடை வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. இரட்டைச் சகோதரிகளைப் பிரித்துக் காட்டிய ஒரே மருவையும் துடைத்துவிட்டு, பெற்றவளையே படத்தின் முன் விழிக்க வைத்தவர். "முகம்னா முகம் மாதிரி இருக்கணும்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. படம் நன்றாக இருந்தது, அது போதும்.

இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் மருத்துவமனை மச்சங்களைப் படமெடுக்கக் கூப்பிட்டது. தோல் டாக்டர் இருப்பது நானூறு கிலோமீட்டர் தள்ளி. சந்தேகப்படும்படியான மச்சமோ ஆறாத புண்ணோ உள்ளவர்களை வாரம் இரண்டு நாள் இங்கே உட்கார வைத்து, போனில் பூதக்கண்ணாடி போன்ற லென்ஸை மாட்டிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். டாக்டரம்மா அங்கிருந்தே பார்த்து, பயமில்லை என்றோ, மூன்று மாதம் கழித்து என்றோ, உடனே வரவும் என்றோ எழுதுவார். தோலில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்கான ஏற்பாடு. நர்ஸ் எடுத்த படங்களில் பாதி ஆடிப்போயிருந்ததால் டச்சப்காரருக்கு ஆள் வந்தது.

முதல் நாளே வினை. ஒரு லாரி டிரைவரின் முன்கை. படம் போன பத்தாவது நிமிடம் டாக்டரம்மா திரையில் வந்தார்.

"கை ரொம்ப அழகா இருக்கு சார். மச்சம் எங்க?"

"பழக்கதோஷம் மேடம். விளிம்பு கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சு, அதான் லேசா..."

"அந்த அசிங்கத்தைப் பாக்கத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்!"

நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரே தட்டுல குணமாக்கிட்டீங்களேண்ணே! இனிமே நமக்கு டாக்டர் எதுக்கு?"

அதோடு மனிதர் திருந்தினார். பக்கத்தில் அளவுகோல் வைத்து, நிழல் விழாமல், தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. திருத்துவது மட்டும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், முப்பது வருடம் அழிப்பதற்காகவே உற்றுப் பார்த்த கண் அது. மச்சத்தை அவரளவுக்குத் தெரிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை.

அந்தக் கண் ஒருநாள் காலையில் வீட்டிலேயே வேலை செய்தது. மனைவி ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தார். இடது காதுக்கு முன்னால் இருந்த மச்சம் ஒரு பக்கம் மட்டும் பரவி, இரண்டு நிறமாகத் தெரிந்தது.

"கொஞ்சம் இப்படித் திரும்பு."

"என்னங்க, காலங்காத்தால காதலா?"

"மச்சத்தைப் பாக்கணும்."

"அதானே! கல்யாணமான வாரம் எடுத்த போட்டோவுலயே அதை அழிச்ச ஆளு, இப்ப தேடுறாரு."

படம் போனது. டாக்டரம்மா மனைவியிடமே பேசினார்.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேருந்து இப்படியேதான் டாக்டர். இதுக்குப் போய் அவ்வளவு தூரம் வரணுமா?"

"மாறலேன்னா மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம். மாறியிருந்தா இந்த வாரமே வரணும். பழைய போட்டோ ஏதாவது காட்டுங்க. ஸ்டுடியோ வீடாச்சே, உங்களுக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். வீட்டில் ஏழு ஆல்பம். டச்சப்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடற்கரையில் மனைவி, மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி, மகள் பட்டம் வாங்கிய நாளில் மனைவி. எல்லாவற்றிலும் கன்னம் கழுவி விட்டது போல இருந்தது. உள்ளூரில் வேறு யார் எடுத்த படமும் வீட்டில் இல்லை. அவர் விட்டதில்லை. ஏழாவது ஆல்பத்தை மூடிவிட்டு அவர் மறுபடி முதல் ஆல்பத்தை எடுத்தார்.

"விடுங்க. ஒண்ணும் இருக்காது."

"இருந்தா? நானே துடைச்சு வச்சிருக்கேனே."

மனைவி யோசித்தார். "வெளிநாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப ஒரு படம் எடுத்தீங்களே. 'திருடி மாதிரி இருக்கேன்'னு நான்கூடச் சண்டை போட்டேன்."

விசாவுக்கு எடுத்த படம்! அதைத் திருத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், அவர் வேண்டாவெறுப்பாகத் தொடாமல் விட்ட ஒரே வகை. கடைக் கணினியில் ஆறு வருடத்துக்கு முந்தைய கோப்பில் அம்மணி முறைத்துக்கொண்டிருந்தார். காதுக்கு முன்னால் மிளகு அளவுகூட இல்லாத, வட்டமான, ஒரே நிறத்து மச்சம்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். பதில் உடனே வந்தது: உடனே வரவும்.

பஸ்ஸில் போகும்போது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். மனைவிதான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வெட்டி எடுத்ததைச் சோதித்து முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் தூக்கமில்லாமல் டச்சப்காரரின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. புற்றுதான். ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை, முழுக்க எடுத்தாயிற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. "இந்தப் படம் இல்லேன்னா மூணு மாசம்னுதான் எழுதியிருப்பேன் சார்."

இப்போது காதோரம் ஒரு சின்னத் தழும்பு. கடையின் முகப்புக்கு இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"தழும்பை மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்றார் மனைவி.

"முடியாது."

"கேக்காதப்பல்லாம் அழிச்சீங்க. வாயத் தொறந்து கேட்டா முடியாதா?"

"தொட மாட்டேன்னா தொட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முகப்பில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளி குறையாமல். பக்கத்தில் நிற்பவரின் கருவளையங்களைத்தான் காணவில்லை.