பந்து தெரியாத ஆட்டம்

சிவஞானத்துக்கு விளையாடத் தெரியாது. ஹைதராபாத் பொதுத்துறைப் பூப்பந்துக் கழகத்தின் செயலாளராக அவர் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்ததற்கு அதுவே காரணம் என்பார்கள். விளையாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் விளையாடப் போய்விட்டார்கள். கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1961இல் வந்து, ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்தவர். இருபத்து மூன்று ஆண்டுகளாக மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்ததில், மனிதர்கள் மீது அவருக்கு மிதமான சந்தேகமும், விதிகள் மீது அளவில்லாத அன்பும் உண்டாகியிருந்தன. "ஆட்டத்தைவிட ஆள் பெரிசில்லை" என்பது அவருடைய கொள்கை. அதை யாரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு மைதானத்தில் ஆளே இருந்ததில்லை என்பது வேறு விஷயம். லாலாகுடா மைதானத்தில் ஞாயிறு காலை நடக்கும் ஆட்டங்களுக்கு, ஆடுகிறவர்களின் மைத்துனர்களும் சில நாய்களும் வருவது வழக்கம்.

1984இல் நிலைமை மாறியது. நகரின் தொலைக்காட்சி நிலையம், ஞாயிறன்று ஓர் ஆட்டத்தைப் படம்பிடித்து, வியாழன் மாலை ஆறரைக்கு அரைமணி நேரம் காட்ட ஒப்புக்கொண்டது. முதல் தவணை பதின்மூன்று வாரம். அறிவிப்பு வந்த மாதமே நான்கு அணிகளாக இருந்த கழகம் பதினொன்றாயிற்று. தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள்கூட ஓர் அணியைக் கொண்டுவந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். பூப்பந்து என்பது கம்பளி நூலில் சுற்றிய சின்ன மஞ்சள் பந்து. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது தெரியவே தெரியாது. ஐந்து பேர் இந்தப் பக்கமும் ஐந்து பேர் அந்தப் பக்கமும் நின்று காற்றை அடிப்பது மட்டும் தெரியும்.

அப்படிக் காற்றை அடிப்பவர்களில் மிக அழகாக அடித்தவர் தேவராஜ். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறை. இடது கைக்காரர். கழுத்தில் ஒரு கைக்குட்டையை முடிச்சுப் போட்டிருப்பார். ஒவ்வொரு தடவை பந்தைப் போடுமுன்பும் மட்டையைக் காதருகே வைத்து, நரம்பைத் தட்டி, என்னவோ செய்தி கேட்டதுபோலத் தலையசைப்பார். எந்த ஆட்டத்தைப் படம்பிடிப்பது என்பது தயாரிப்பாளர் சீதாராமன் கையில் இருந்தது. முதல் ஐந்து வாரமும் அவர் ரயில்வே அணியைத்தான் பிடித்தார்.

தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு மரக்கூண்டுக்குள் பூட்டியிருக்கும். சாவி சிவஞானத்திடம். வியாழன் மாலை பார்க்க வருகிறவர்கள் வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் விதி செய்திருந்தார். போட்டார்கள். நூற்று அறுபத்து மூன்று, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று எழுபது. கழகம் வளர்கிறது என்று கோப்பில் எழுதினார்.

ஆறாவது வாரத்துக்கு முன்பு சிவஞானத்திடமிருந்து தேவராஜுக்கு மெமோ போனது. சீருடை விதி ஏழின்படி கழுத்தில் எதுவும் அணியக்கூடாது, விளக்கம் தருக, தரும்வரை ஆடத் தடை. விளக்கம் வரவில்லை. ரயில்வே அணி தேவராஜ் இல்லாமல் ஆடியது. அதையும் படம்பிடித்தார்கள்.

அந்த வியாழன் பதிவேட்டில் இருபத்தொரு கையெழுத்து. அடுத்த வியாழன் ஒன்பது. அந்த ஒன்பதில் ஐவர், பின்னால் வரும் பாட்டு நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் இடம் பிடிக்க வந்தவர்கள்.

வெள்ளியன்று சீதாராமன் வீட்டுக்கே வந்தார்.

"சார், மொதல் அஞ்சு வாரத்துல பாக்கறவா கிட்டேருந்து நூத்தித் தொண்ணூறு கார்டு வந்தது. போன ரெண்டு வாரத்துல மொத்தம் அஞ்சு. அதுலயும் நாலு, 'தேவராஜுக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறது."

"அஞ்சாவது?"

"டிராக்டர் கடன் பத்தி. விலாசம் மாறி வந்துடுத்து. தவணை முடியறதுக்குள்ள நானூறு கார்டு சேரணும் சார். இல்லேன்னா மேலே இருக்கறவா அந்த அரைமணியை விவசாயத்துக்குக் குடுத்துடுவா."

சிவஞானம் கணக்குப் போட்டார். தொலைக்காட்சி போனால் புதிதாக வந்த ஏழு அணிகளும் போகும். மறுபடி மைத்துனர்கள், நாய்கள்.

"ஆட்டம் நல்லாத்தானே இருந்தது? இருபத்தொம்பதுக்கு இருபத்தேழு!"

காபி கொண்டுவந்த ஜலஜா, கணவர் சேர்ந்த எந்த விளையாட்டையும் இருபது ஆண்டுகளாக மதிக்காதவர், தம்ளரை வைத்தபடியே சொன்னார்: "பந்து எங்க தெரியுது? ஆளைத்தான பாக்கோம். அந்தக் கைக்குட்டைக்காரனையும் வீட்டுக்கு அனுப்பிட்டிய. பொறவு சுவத்தையா பாக்க?"

"நீ பாத்தியா? பதிவேட்டுல உன் கையெழுத்தே இல்லையே!"

"ஆமா, புருஷன் முன்னால கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஆம்பிளையப் பாப்பாகளாக்கும். சன்னல் பக்கம் நாங்க பத்துப் பேரு நின்னு பாத்தோம்."

பதிவேட்டில் வராத பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பது சிவஞானத்துக்குத் தேவராஜின் செல்வாக்கைவிடப் பெரிய அதிர்ச்சி.

சனிக்கிழமை லாலாகுடா ரயில்வே குடியிருப்புக்குப் போனார். தேவராஜ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மெமோ வந்ததா?"

"ஹவ் சார், வந்துச்சு. ஜன்னல் ஒண்ணு ஆடிட்டே இருந்துச்சு. நாலா மடிச்சு சொருகினேன், கரெக்டா நின்னுடுச்சு."

"விளக்கம் எழுதலையே?"

"கைக்கு சார், நான் எதுக்கு எழுதணும்? தப்பு பண்ணவன் எழுதணும். நான் கர்ச்சீப்தானே கட்டினேன்?"

"எழுதிட்டா நாளைக்கே ஆடலாம்."

"நக்கோ சார், வேணாம். எனக்கு எழுத வராது. நீங்க மெமோவை வாபஸ் வாங்குங்க."

மெமோவைத் திரும்பப் பெற விதியில்லை. விளக்கம் வந்தால் பரிசீலிக்க மட்டும் விதி உண்டு.  சிவஞானம் வாசல்படியில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதம் எடுத்து, தேவராஜுக்காகத் தமக்கே விளக்கம் எழுதத் தொடங்கினார்.

"கழுத்து வலியின் காரணமாக…" என்று வாசித்தார்.

"ஐயோ, வலின்னு போடாதீங்க சார். பணிமனையில யாராச்சும் படிச்சா லைட் டியூட்டி குடுத்துடுவாங்க. ஓவர்டைம் போயிடும்."

"வியர்வை?"

"வியர்வை ஓகே. எல்லாருக்கும் வருது."

"'நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்.'"

"அது யாரு வருந்தறது?"

"நீங்க."

"நான் வருந்தலையே சார்."

சிவஞானம் 'மிகவும்' என்பதை அடித்தார். தேவராஜ் கையெழுத்துப் போட்டார், அதுவும் இடது கையால்.

கடிதத்தைத் தாமே எடுத்துவந்து, வீட்டிலேயே 'வந்த தேதி' முத்திரை குத்தி, செயலாளர் என்ற முறையில் படித்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இல்லை. கடிதத்தின் நடையில் பணிவு போதாது என்று பட்டது. "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை, எனினும் மனிதாபிமான அடிப்படையில் கைக்குட்டையோடு ஆட அனுமதிக்கலாம்" என்று குறிப்பெழுதித் தடையை நீக்கினார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்று ஆடிய அந்த ஆட்டத்தை யாரும் படம்பிடிக்கவில்லை.

எட்டாவது வியாழன் பதிவேட்டில் நூற்று எண்பத்தாறு. சன்னல் பக்கம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தேவராஜ் மட்டையைக் காதில் வைத்தபோது மன்றமே மூச்சை நிறுத்திக்கொண்டது. அவர் தலையசைத்ததும் முன்வரிசையில் இருந்த தலைமைக் கணக்கர் தானும் அசைத்தார். ரயில்வே அணி தோற்றது. அதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தவணை முடிந்த அன்று நானூற்றுப் பன்னிரண்டு கார்டுகள். சீதாராமன் துணிப்பையோடு கொண்டுவந்து போட்டார். சிவஞானம் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து வகை பிரித்தார். அறுபத்தோரு பேர் கைக்குட்டை என்ன நிறம் என்று கேட்டிருந்தார்கள். மட்டை என்ன சொல்கிறது என்று முப்பது பேர். ஆட்டத்தின் நுணுக்கத்தைப் பாராட்டி வந்தவை நான்கு. அந்த நான்கும் ஒரே தபால் நிலைய முத்திரையோடு, சற்றே பணியாளர் பிரிவு நடையில் இருந்ததைச் சீதாராமன் கவனித்தார். நாகரிகமானவர், எதுவும் கேட்கவில்லை.

"இன்னும் இருபத்தாறு வாரம் குடுத்திருக்கா சார். ஆனா தேவராஜ் ஒருத்தரையே எத்தனை நாள் காட்டறது? இன்னும் ரெண்டு மூணு பேர் வேணும்."

"ஆட்டத்தைவிட ஆள் பெரிசில்லை," என்றார் சிவஞானம், ஆனால் பழைய சுருதியில் இல்லை.

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பப் படிவத்தில், பெயர், வயது, பணிப்பிரிவு ஆகியவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் இருந்தது: 'ஆட்டக்காரரின் தனித்தன்மை ஏதேனும் இருப்பின்.' உரத் தொழிற்சாலை அணி, தங்கள் வெங்கடராமன் வெறுங்காலோடு ஆடுவார் என்று எழுதியது. அது உடனே ஏற்கப்பட்டது. தார்நாகா விஞ்ஞானிகள், தங்கள் ஐவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்று பெருமையோடு நிரப்பியிருந்தார்கள்.

சிவஞானம் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: "இது திரையில் தெரியாது. வேறு ஏதேனும் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்."