கோபுரம் வந்த திரை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். புதுக்கோட்டையில் அவருக்கு ஞாபகப் பரிசோதனை. தேறாவிட்டால் ஆவுடையார்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

கணினித் திரையில் வரும் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். கோபுரம் வந்ததும் அம்மா கண்மூடிக் கும்பிட்டார். திறப்பதற்குள் அடுத்தடுத்த படங்கள் ஓடிவிட்டன. பதறிப்போய் மீதியையும் தவறவிட்டார்.

"மார்க் ரொம்பக் கம்மியா இருக்குங்க," என்றார் சோதித்த பெண்.

மேசையில் இருந்த பட அட்டைகளைக் காட்டினேன். "அட்டையில காட்டிப் பாருங்களேன்."

காட்டினார். கோபுரம் வந்ததும் அம்மா கும்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தார். அம்மா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

"சாமி கும்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வெரட்டுதுடி அந்தப் பெட்டி!"

இனி அண்ணன் என்ன சொன்னாலும் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுக்கப்போவதில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் முகநூல் பக்கம் வருவதில்லை. நீங்களும் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள்.