ஜூன் மாத வெயிலை நம்பி நட்ட மல்லி

ஈர மண் வாசனையும் கலர் பென்சில் சீவிய வாசனையும் ஒன்றாகக் கலந்திருக்கும்... ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக், கீழ்த்தளத்துத் திறந்த கூடம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மேசையில் விரித்த தாள்கள் பறக்காமல் இருக்க, வகுப்புக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பூந்தொட்டியைத் தூக்கித் தாளின் மூலையில் வைப்பார்கள்.

அது என் முதல் வேலை. தோட்ட வடிவமைப்பில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அந்த புளோக்கின் தோட்டக் குழுவுக்கு ஆறு மாத வகுப்பு எடுக்க ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். பதினொரு பேர். எல்லாரும் என் அப்பா அம்மா வயது. என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். எனக்குக் கூச்சத்தில் குரலே வராது.

"டீச்சர், நாங்க செடிகிட்டகூட இவ்வளவு மெதுவா பேசறதில்ல. வால்யூம் கூட்டுங்க லா!" என்பார் குழுத் தலைவர் மணியம் அங்கிள்.

முதல் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். செடியை மறந்துவிடுங்கள், முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். படிக்கும்போது எங்களுக்கு இருந்த புத்தகங்கள் குளிர் நாடுகளில் எழுதியவை. அவற்றில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம் நிற்கும். நான் புத்தகத்தை நம்பவில்லை, நேரில் அளக்கச் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

ஜூன் மாதம். பதினொரு பேரும் முறை வைத்து, மணிக்கு ஒரு தடவை இறங்கி வந்து, வெயில் விழும் இடத்துக்கு மஞ்சளும் நிழலுக்கு நீலமும் தீட்டினார்கள். தோட்டம் புளோக்கின் வடக்குப் பக்கம் இருந்தது. புளோக்கின் சுவரை ஒட்டிய பாத்தி முழுக்க மஞ்சள், தூர மூலையில் பாதிதான்.

"அப்போ மல்லி அங்க போகட்டும்," என்றேன்.

அது குழுவில் இருந்த சரோஜா ஆன்ட்டியின் குண்டுமல்லி. தோட்டத்தின் தூர மூலையில் எட்டு வருடமாக நின்ற செடி. வெள்ளிக்கிழமை ஆனால் புளோக்கில் பாதி வீடுகளுக்கு அவர்தான் பூக் கொடுப்பார். அவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"நல்லாத்தானே பூக்குது... பரவால்ல, படிச்ச புள்ள சொல்லுது. எடுத்து வைங்க."

மூன்று பேர் சேர்ந்து வேரோடு பெயர்த்து நட்டோம். ஜூலையில் துளிர்த்தது. ஆகஸ்டில் மொட்டு விட்டது. நான் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பினேன்.

நவம்பர் கடைசி. வேலை முடிந்து லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்தபோது, ஒரு பூக்கடை முன்னால் சரோஜா ஆன்ட்டி நின்றிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, தோட்டம் வச்சிருக்கிறவங்க கடைக்கு வந்துட்டீங்க?" என்று பூக்காரர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

"வாய மூடிட்டு கட்டுய்யா," என்று திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். பூப் பையைச் சட்டென்று கைப்பைக்குள் திணித்தார்.

"சும்மா... கூடுதலா வேணும்னு வாங்கினேன்மா."

மழையால் ஒரு மாதமாக வகுப்பை வாய்ட் டெக்கிலேயே முடித்துவிட்டு, நான் பாத்திப் பக்கம் போயிருக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. "மல்லி பூக்கலையா ஆன்ட்டி?"

"ஒரு மாசமா மொட்டே இல்ல. எல்லாருக்கும் தெரியும். சின்னப் பொண்ணு, மனசு ஒடஞ்சிடும், யாரும் சொல்லக் கூடாதுன்னு மணியம் அண்ணன்தான் சொன்னாரு. மழை அதிகம்மா, அதான்."

மழை இல்லை. மறுநாள் மதியமே போய்ப் பார்த்தேன். பாத்தி முழுக்க புளோக்கின் நிழல். செடி நெடுநெடுவென்று வளர்ந்து, இலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் சூரியன் பாதி வருடம் வடக்கே சாயும், பாதி வருடம் தெற்கே சாயும்; தெற்கே போனால் வடக்குப் பக்கத்தை புளோக்கே மறைத்துவிடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். ஜூன் வெயிலை மட்டும் அளந்து வருடம் முழுவதற்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடைசி வகுப்பு. சான்றிதழ் கொடுக்க என் மேலாளர் மிஸ் டான் வருகிறார். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மழை என்று விட்டுவிட்டால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை... இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்தபிறகு, பழைய மஞ்சள் தாளின் மேல் இன்னொரு மெல்லிய தாளை வைத்து டிசம்பர் நிழலை வரைந்தேன். சுவரோரப் பாத்தி மொத்தமும் நீலமானது. தூர மூலையில் இருந்த பாதி மஞ்சள் அப்படியே நின்றது.

"நான் ஜூன்ல மட்டும் அளக்கச் சொன்னேன். தப்பு என்னோடது. மழை காரணமில்ல."

மிஸ் டான் பேனாவை மூடினார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னிக்கு வால்யூம் கரெக்டா இருக்கு டீச்சர்," என்றார் மணியம் அங்கிள்.

சிரிப்பு அடங்கியதும் சரோஜா ஆன்ட்டி எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அப்போ எட்டு வருஷம் அது சரியான இடத்திலதான் நின்னிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா."

"ஆமா ஆன்ட்டி. கேட்டிருக்கணும்."

"சரி, வா. மம்மட்டிய எடு."

மல்லியைப் பழைய மூலையில் நட்டபிறகுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். கிளம்பும்போது மிஸ் டான் ஒன்றுதான் சொன்னார்: அடுத்த குழுவுக்கு இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். அடுத்த குழு என்று அவர் சொன்னதை எம்ஆர்டி ரயிலில் நாலு ஸ்டேஷன் தாண்டியபிறகுதான் கவனித்தேன்.

மல்லி பிப்ரவரியில்தான் மறுபடி பூத்தது.

இப்போது பொங்கோல் வட்டாரத்தில் வகுப்பு எடுக்கிறேன். போனைத் தூக்கிப் பிடித்தால் எந்த மாதம் சூரியன் எங்கே நிற்கும் என்று ஆப் காட்டிவிடுகிறது. யாரும் வெயிலில் மணிக்கணக்காக நிற்பதில்லை. நல்லதுதான். அந்தச் செடி எவ்வளவு காலமாக அங்கே நிற்கிறது, எப்போது பூக்கும் என்பதை ஆப் சொல்லாது. அதை மட்டும் நான் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அன்றைக்கே குரூப் சாட்டில் போட்டோவோடு வந்துவிடும். "திஸ் ஒன் ராங் லா." அதுவும் நல்லதுதான், உடனே திருத்திவிடலாம். ஆனால் நான் வருத்தப்படுவேன் என்று பதினொரு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தார்களே... அப்படி ஒரு வகுப்பு எனக்கு அப்புறம் அமையவில்லை.