மாட்டுத் தடத்துக்கு வெளியே

நான் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை ஓட்டப் போட்டி இருக்கிறது என்று சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் தீவில், நாரந்தனை ஊருக்குப் பின்னால், கண்டலும் தாழையும் மண்டிக் கிடக்கும் அந்தச் சதுப்புக் காட்டுக்குள் என்று சொல்லியிருந்தால் என்னை அறைக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்.

கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒரு கிழமையாக அறிவித்தல் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழக மாணவர்களின் போட்டிக்காகக் காட்டுக்குள் கொடிகள் கட்டப்படும், அவற்றை யாரும் அவிழ்க்க வேண்டாம் என்று அதில் இருந்தது. அம்மா தினமும் அதைக் கடந்து பாண் வாங்கப் போய் வந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வருகிற கடிதங்களை ஏழு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அந்த அறிவித்தலை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. அதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவுமில்லை.

அப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்னர், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த புதிதில், ஒரு கன்றைத் தேடி அந்தக் காட்டுக்குள் போனார். மாட்டுத் தடத்தை விட்டு இரண்டு அடி விலகி வைத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: மாடு நடந்த இடத்தில் மட்டும் கால் வை. பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்கு அது பாடம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, சிவப்புத் தடிகள் நட்டு, சிவப்புப் பலகைகள் மாட்டி, மாதக்கணக்காக அந்தக் காட்டைத் தடவினார்கள். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நிலம் துப்புரவாகிவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது. அதை நான் இரண்டு தடவை உரத்து வாசித்தேன்.

“கடுதாசிக்குத் தெரியுமே நிலத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு?” என்று கேட்டுவிட்டு அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் தடத்தை விட்டு இறங்கவில்லை. மாடுகள் இறங்கின. காடு முழுக்க மேய்ந்துவிட்டுச் சுகமாகத் திரும்பி வந்தன.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்தான் அந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஓரியன்டியரிங் என்பார்கள். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் தருவார்கள். காட்டுக்குள் அங்கங்கே மறைவாகக் கொடிகள் தொங்கும். அவற்றை இலக்க வரிசைப்படி கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் தொங்குகிற குத்தியால் அட்டையில் துளையிட்டு, நேரத்தையும் குறித்துக்கொண்டு ஓடி முடிக்க வேண்டும். எந்த வழியால் போவது என்பது ஓடுகிறவளின் விருப்பம். பாதை சுற்றிப் போகும். வெல்ல வேண்டும் என்றால் பாதையை விட்டு இறங்க வேண்டும். பயிற்சியாளர் இதைச் சொன்னபோது மற்றவர்கள் சும்மா தலையாட்டினார்கள். நான் அன்றே பெயர் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமைப் போட்டி தெரிவுப் போட்டி. முதல் நான்கு பெண்கள் மலைநாட்டில் நடக்கும் போட்டிக்கு அணியாகப் போவார்கள். அந்த நால்வரில் ஒருத்தியாக நான் இருந்தே ஆகவேண்டும் என்று நினைத்திருந்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

பதினொரு பேரையும் ஒன்றாக விட்டார்கள். அதற்கு முன், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நின்ற நகரத்துப் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன வருடம் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தவள் அவள்.

“தீவாருக்கு என்னத்துக்கு வரைபடம்? எங்காலை ஓடினாலும் கடல்தானே வரும்.”

“கடல் வந்தால் நான் நீந்துவன். நீர் என்ன செய்வீர்?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விசில் ஊதினார்கள்.

இது என் ஊர்க் காடு, எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு மாட்டுத் தடம் மட்டும்தான். மிச்சம் முழுவதும் அவர்களைப் போலவே எனக்கும் தாளில் இருந்த பச்சையும் நீலமும். மாரி மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. சில இடங்களில் கணுக்கால், சில இடங்களில் தொடை. அடியில் கிடந்த சுரிச்சேறு சப்பாத்தைப் பிடித்து இழுத்தது. நான்காவது கொடிக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் ஒரு தில்லைக் கொப்பை முறித்துவிட்டேன். அதன் பால் கண் ஓரத்தில் பட்டது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொண்டுபோன குடிதண்ணீர் முழுவதையும் கண்ணுக்குள் ஊற்றினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்று கொடிகள் ஓடினேன். எட்டாவதில் துளையிட்டபோது எனக்கு முன்னால் ஐந்து பேர் போயிருந்தார்கள்.

ஒன்பதாவது கொடி காட்டின் நடுவில், தண்ணீர் சூழ்ந்த ஒரு திட்டியில். அதற்கு மாட்டுத் தடத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளே இறங்க வேண்டும். நான் தடத்துக்கு ஏறியபோது அந்த ஐந்து பேரும் அங்கேயே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், தடத்துக்குக் குறுக்கே, விறகுக்காகப் பனையடியில் பொறுக்கிய காவோலைக் கட்டைப் போட்டுவிட்டு, ஒரு கையில் கத்தியோடு, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு என் அம்மா நின்றார்.

“ஒரு பிள்ளையும் உள்ளுக்கை இறங்கப்படாது! நான் கண்ணாலை கண்டனான். அந்தத் திட்டியிலை சிவப்புக் கொடி கட்டிக் கிடக்கு. திரும்பவும் வெடி கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்.”

“அன்ரி, அது எங்கட கொடி. போட்டிக்குக் கட்டினது,” என்றாள் நகரத்துப் பிள்ளை.

“உங்கட கொடியோ? உனக்கு எத்தினை வயசு? இந்தக் காட்டை எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?”

“எடியே, உண்மையா ஏதும் கிடக்குமோ?” என்று பின்னால் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் அசையவில்லை. அவர்களில் நான் குற்றம் காணமாட்டேன். கத்தியோடு நின்று ஒரு தாய் அப்படிக் கத்தினால் யாரும் நிற்பார்கள்.

அப்போதுதான் அம்மா என்னைக் கண்டார்.

“நீ இஞ்சை என்ன செய்யிறாய்?”

“ஓடுறன். இதுதான் போட்டி.”

“போட்டி பள்ளிக்கூடத்து விளையாட்டு வெளியிலையெல்லோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா. இது போட்டிக் கொடிதான். சங்கக்கடையிலை ஒரு கிழமையா ஒட்டியிருக்கு.”

“அதை எனக்கு ஆர் வாசிச்சது?”

நின்று கதைக்க நேரமில்லை. நான் காவோலைக் கட்டைக் கடந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை, இரும்பு மாதிரி.

“உனக்கென்ன விசரே? காலில்லாத கொப்பரைப் பார்த்துமோ உனக்கு அறிவு வரேல்லை?”

“துப்புரவாக்கின நிலம். கடிதத்தை நான்தானே வாசிச்சுக் காட்டினனான். நாள் முழுக்க மாடு மேயுது உதுக்குள்ளை.”

“மாடு மேயட்டும். நீ மாடில்லை.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குடும்பத்தில் எல்லோரையும் இருபத்தைந்து வருடங்களாக அந்தத் தடத்தின் மேல் நிறுத்தி வைத்திருக்கும் கை அது. நான் அந்தக் கையை உதறினேன். என் நகம் அம்மாவின் தோலைக் கீறியது எனக்குத் தெரிந்தது. தடத்தை விட்டு இறங்கினேன். இடது காலை முதலில் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன்.

பயமில்லை என்று எழுதினால் அதுதான் பொய். முதல் பத்து அடியும் என் உள்ளங்கால் சுருங்கியே இருந்தது. கண்டல் வேர்கள் தண்ணீருக்கு மேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றின் முனை மாதிரித் தெரிந்தது. நான் திசைகாட்டியைப் பார்த்தேன், பிறகு தாளைப் பார்த்தேன். காலடியைப் பார்ப்பதை நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னால் அம்மா குளறிக் கத்திக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஆனாலும் நான் திரும்பவில்லை.

கொடி தாள் சொன்ன இடத்தில் தொங்கியது. பாதி வெள்ளை, பாதி செம்மஞ்சள். அட்டையில் துளையிட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தார். சுரியில் நான் மிதித்த ஒவ்வொரு குழியையும் காலால் தடவித் தேடி, அதற்குள்ளேயே தன் காலை வைத்து, அடுத்த குழியைத் தேடினார். அவருக்குப் பின்னால், அவர் வைத்த இடத்தில் வைத்து, அந்த ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள்.

திட்டியில் ஏறி, கொடியைத் தொடாமல் கிட்ட நின்று பார்த்தார்.

“துணிதானே இது,” என்றார்.

“ஓம்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. கைக் கீறலில் இரத்தம் கசிந்திருந்தது. அதற்குள் நகரத்துப் பிள்ளை குத்தியை எட்டிப் பிடித்துவிட்டாள். “வந்த வழியாலையே திரும்பிப் போங்கோ அம்மா,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அம்மாவைச் சேற்றுக்குள் தனியே விட்டுவிட்டு ஓடினேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஆம், விட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

மிச்ச மூன்று கொடிகளிலும் ஒருத்தியும் என்னைப் பிடிக்கவில்லை. முடிவுக் கோட்டுக்கு முதலில் வந்தவள் நான். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முறைப்பாடு வந்துவிட்டது.

“அம்மாவைக் குறுக்கே நிப்பாட்டி வைச்சு வெண்டவ,” என்றாள் இன்னொருத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே.

போட்டிக்குப் பொறுப்பான விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். “நீர் சொல்லும் பிள்ளை. உம்மட அம்மா ஏன் அங்கை நிண்டவ? நீர் முதலே சொல்லி வைச்சனீரோ?”

“நான் முதலே சொல்லாததாலைதான் சேர் அவ அங்கை நிண்டவ.”

அவருக்கு அது விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்த முதல், தலையில் காவோலைக் கட்டோடு, இடுப்பு வரை சேற்றோடு, அம்மாவே வந்துவிட்டார். சேர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா கட்டை அதில் இறக்கி வைத்தார், தான் இருக்கவில்லை.

“சேர், முதல்லை இவளைப் பிடிச்சுக் கட்டி வையுங்கோ. மற்றப் பிள்ளையள் நான் சொன்னதைக் கேட்டுப் பேசாமல் நிண்டதுகள். இவள் மட்டும் என்ர கையை உதறிப்போட்டுப் போனவள். பாருங்கோ!” கையை நீட்டிக் கீறலைக் காட்டினார். “பெத்த தாயைக் கீறிப்போட்டு ஓடுறவளை உங்கட பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிறியளோ?”

நேரம் குறித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை இருமலாக்கினார். நகரத்துப் பிள்ளை கொஞ்சம் முன்னுக்கு வந்தாள்.

“ஓம் சேர். அன்ரி அவவை விடேல்லை. அதை நான் சொல்லத்தான் வேணும்.”

அதோடு களவு என்ற பேச்சு முடிந்தது. ஆனால் சேர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெளியாள் மறித்த இடம் என்பதால் எட்டாவது கொடியிலிருந்து ஒன்பதாவது வரையான நேரத்தை எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழிப்பதாகச் சொன்னார். கழித்தபோது நான் நான்காவது.

“அதைக் கழிக்கப்படாது சேர்,” என்றேன்.

“ஏன்? நீர் அணியிலை இருக்கிறீர்தானே.”

“அவையளை மறிச்சது மாதிரித்தான் என்னையும் மறிச்சது. அவையளை விட இறுக்கிப் பிடிச்சது. நான் போனனான்.”

“விதி அப்பிடித்தான் பிள்ளை. இதிலை ஒப்பம் வையும்.”

ஒப்பம் வைக்காவிட்டால் அணியில் இல்லை. எங்கள் வீட்டில் எனக்கு முந்தி எல்லோரும் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வைத்தவர்கள். நான் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். என் பெயருக்கு நேரே, ‘ஒன்பதாவது கொடிக்கு முதலில் போனவள் நான்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒப்பம் வைத்தேன். சேர் அதைப் பார்த்தார். அழிக்கவில்லை.

“என்ன எழுதினனி?” என்று அம்மா கேட்டார்.

‘மலைநாட்டுப் போட்டி’ என்ற தலைப்பிலிருந்து நான் எழுதியது வரை வாசித்துக் காட்டினேன். அவர் காவோலைக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தார். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா கிணற்றடியில் இருந்தார். அம்மா நடந்தது முழுவதையும், கீறல் உட்பட, ஒரே மூச்சில் அவரிடம் கொட்டினார். அப்பா கடைசிவரை கேட்டார். என் கண் சிவந்திருப்பதையும் சப்பாத்தில் ஒட்டியிருந்த சுரியையும் பார்த்தார்.

“அங்கை என்ர கால் கிடந்ததோ?” என்று கேட்டார்.

அம்மா வாளியை நங்கென்று கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். “விசர்க் கதை கதையாதேங்கோ!”

“இல்லை அப்பா,” என்றேன். “கொடி மட்டும்தான் கிடந்தது.”

அப்பா பொய்க்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா என்னைக் கிணற்றுக் கட்டோடு நிறுத்தி, காலில் தண்ணீர் ஊற்றினார். கழுவுவது போலவும் இருந்தது, அடிப்பது போலவும் இருந்தது. பாதத்தில் ஏறியிருந்த தாழை முள்ளைக் கண்டு, குனிந்து நகத்தால் பிடுங்கினார்.

“மலையிலை பாதை இருக்குமெல்லோ?” என்று கேட்டார், நிமிராமலே.

“இருக்கும்.”

“அதாலை போவியோ?”

“மாட்டன்,” என்றேன்.

அவர் வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டார்.