பெரியப்பா வீட்டுத் தக்காளி டின்

பிள்ளைகளா, உங்கள் பெரியப்பா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் பிரிக்காத தக்காளி டின் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் உங்கள் அப்பா எனக்கு ஒரு வருஷம் வயிறு எரிந்தது.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள் நாங்கள். டின்னில் அடைக்கும் கம்பெனி முதலில் அவருக்குத்தான் விதை கொடுத்தது. முட்டை போல நீண்ட, சதை தடித்த, சாறு குறைந்த தக்காளி. பழத்தை எடுத்துக்கொண்டதும் ஒரு டின் கொடுத்து அனுப்பினார்கள். உங்கள் அம்மா அதை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"அக்கா வீட்டுப் பழம் எங்கெல்லாம் போவுது பாருங்க!"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பட்டத்தில் நானும் அதே விதையை வாங்கி நாற்று விட்டு நட்டேன். அவரைவிட ஒரு கூடை எரு கூடவே போட்டேன். காய் நன்றாகப் பிடித்தது. எப்படிப் பறிப்பது என்று அவரிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சந்தைக்குப் பறிக்கிறவனுக்குத் தெரியாதா? பாதி சிவந்த செங்காயாக, பச்சைக் காம்போடு பறித்து, துணியால் துடைத்து அடுக்கிக் கொண்டுபோனேன்.

கம்பெனி வாசலில் பழம் பார்க்கும் பெண் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"என்னங்கய்யா, காம்போட கொண்டாந்திருக்கீங்க?"

"காம்பு இருந்தாத்தானேம்மா வாடாது?"

"அது சந்தைக்குங்கய்யா. இங்க காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திரும். செங்காய்க்குத் தோலும் உரியாது. உள்ள பாருங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முழுக்கச் சிவந்த பழங்கள் தண்ணீரில் புரண்டு, ஓடும் பட்டையில் ஏறின. இருபுறமும் பெண்கள் நின்று கெட்டதைப் பொறுக்கினார்கள். கொதிநீரில் முங்கி எழுந்ததும் தோல் சட்டை கழற்றியதுபோல வந்தது. பழத்தை டின்னில் போட்டு, தக்காளிச் சாற்றையே சுடச்சுட ஊற்றி, மூடியை இறுக்கி, டின்னோடு மறுபடி வேகவைத்தார்கள். அப்படிச் செய்தால்தான் கெடாதாம். எனக்கென்னவோ அத்தனையும் உங்கள் பெரியப்பா பழமாகவே தெரிந்தது.

லோடோடு திரும்பினேன். வரப்பில் அவர் நின்றார்.

"என்ன சகலை, பழம் கம்பெனியச் சுத்திப் பாத்துட்டு வந்துருச்சா?"

நான் பழத்தை இறக்க ஆரம்பித்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? நானும் மொதத் தடவ காம்போட போயித் திரும்பி வந்தவன்தான். வீட்டுல சொல்லிறாதீங்க, அவளுக்குத் தெரியாது."

பொய் சொல்வானேன், அதைக் கேட்டதும் வயிறு குளிர்ந்துவிட்டது. நீங்களும் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த பறிப்பில் செடியிலேயே சிவக்க விட்டு, காம்பைத் திருகி எடுத்துவிட்டுக் கொண்டுபோனேன். எடுத்துக்கொண்டார்கள், டின்னும் கொடுத்தார்கள். உங்கள் அம்மா அன்றைக்கே திறந்து குழம்பு வைத்துவிட்டாள். நீங்கள் பென்சில் போட்டு வைத்திருப்பது அந்த டின்தான்.

அவருடையது மட்டும் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் அதன் மேல்தான் போய் நிற்கிறது.