தங்க அட்டையும் ரதியின் முதுகும்

காலை 6.40. கட்டுநாயக்கா விமான நிலைய வாசலில் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றேன். என் மனைவி ரதியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருவரும் லண்டனிலிருந்து ஒரே விமானத்தில் வந்தவர்கள்தான். நான் முன்னுக்கு, கட்டில் போல விரியும் கதிரையில் படுத்து வந்தேன். அவள் நாற்பத்திரண்டாம் வரிசையில், சத்திரசிகிச்சை செய்த முதுகோடு, பாதி நேரம் கழிவறைப் பக்கம் எழுந்து நின்று வந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெரிய குளிரூட்டிகள் திருத்தும் வேலைக்காக நாடு நாடாகப் பறப்பவன் நான். அதனால் விமானக் கம்பனி தங்க அட்டை தந்திருக்கிறது. ஹீத்ரோவில் விமானம் ஏறப் போகும்போது என் பெயரைக் கூப்பிட்டு, முன் வகுப்பில் இலவச இடம் என்றார்கள். மனைவிக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பெயர் மாற்ற முடியாது என்றாள் கவுண்டரில் நின்ற பெண். "இஞ்சேருங்கோ, கிடைச்சதை வீணாக்காதேங்கோ, போங்கோ" என்றாள் ரதி. நானும் போய்விட்டேன். மறுத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

7.30. திருகோணமலைக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர். வான் வண்டி வாடகை 32,000 ரூபாய். சாரதி நசீர் கிண்ணியாக்காரர். ரதியின் தம்பி சிவம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மனுஷன் பின் சீற்றைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குருநாகல் தாண்டுமுன் ரதி நித்திரையாகிவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது.

மூதூருக்கு அப்பால் இலங்கைத்துறையில் சிவம் கட்டிய புது வீட்டின் குடிபூரலுக்குத்தான் வந்தோம். ஒன்பதாம் நாள் திரும்ப வேண்டும். கனநேரம் சாயாமல் இருந்து பறந்தால் மறுபடியும் முதுகை வெட்ட வேண்டி வரலாம் என்று டொக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

10.50. தம்புள்ளையில் தேநீர். நசீர் வளைகுடா விமான நிலையமொன்றில் பதினாலு வருடம் கவுண்டரில் வேலை செய்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. நடந்ததை ஒப்பித்தேன். சிரித்தார்.

"அண்ணன், கொம்பியூட்டருக்கு முதுகு நோவு தெரியுமா? சாதாரண வகுப்பில இருக்கிற சீற்றை விடக் கூட ரிக்கெற் வித்திருப்பாங்க. எல்லாரும் வந்து சேர்ந்தா இருத்த இடமில்ல. அப்ப ஆரையாவது முன்னுக்கு ஏத்தத்தானே வேணும்?"

"ஆரை எண்டு எப்பிடித் தெரியுறது?"

"முதல்ல அட்டை. தங்கம், பிறகு வெள்ளி. ரெண்டு பேர் சமனா வந்தா, கூடக் காசு குடுத்து ரிக்கெற் எடுத்தவர். தனிய வாற ஆளுக்கு இன்னும் வசதி. ஒரு சீற் இருந்தாக் காணும். கோட் சூட் போட்டு வந்து பல்லைக் காட்டுறதெல்லாம் சும்மா கதை. அக்காவும் நீங்களும் ஒரே புக்கிங்கா?"

இல்லை. எங்கள் வழமை அப்படி. பறக்கிற தூரத்துக்குக் கம்பனி தரும் புள்ளி சேரட்டும் என்று என் ரிக்கெற்றை நான் கம்பனியிடம் நேரே எடுப்பேன். அவள் தன்னுடையதை, ஊர்ச் சனம் எல்லாம் கலியாண வீட்டுக்குப் போக எடுக்கும் எங்கள் தமிழ் முகவரிடம், மலிவாக எடுப்பாள்.

"அப்ப கம்பனிக்கு நீங்க தனி ஆள். அக்கா ஆரோ" என்றார் நசீர். "கவலைப்படாதீங்க. அட்டைதான் உங்கட பேர்ல. சேர்த்த புள்ளிய அக்காக்குக் குடுக்க ஏலும். இலவசத்தைப் பார்த்திரிக்காம, புள்ளியக் குடுத்து அக்காவ ஏத்துங்க. இண்டைக்கே கதையுங்க."

பிற்பகல் 1.40. உட்துறைமுகத்து நீலம் தெரிந்ததும் ரதி எழுந்து, "ஊர் வந்திட்டுதோ" என்றாள். அன்று அன்புவழிபுரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை 7.00. ரோட்டால் போனால் குலுக்கும் என்று மூதூர் வரை கடல் வழியே லோஞ்சில் போனோம். ரதி கையை இடுப்பில் வைத்ததைக் கண்ட ஒரு பெண், மரக்கறிக் கூடையோடு எழுந்து, "நீங்க சாஞ்சிருங்க அக்கா, நான் நிண்டு வாறன்" என்றாள். அங்கிருந்து ஓட்டோவில் இலங்கைத்துறை.

சிவத்தின் பழைய வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கடற்கரையில், வலை காயப் போட்ட இடத்தில் நின்று லண்டனில் உள்ள விமானக் கம்பனியோடு கதைத்தேன். ஐம்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். ரதியின் மலிவு ரிக்கெற்றோடு முன் வகுப்புக்கு மாற ஏலாதாம்; அதை விலை கூடிய ரிக்கெற்றாக்கவே பாதிப் புள்ளி போகுமாம். மிச்சப் பாதி முன் வகுப்புக்கு. அதுவும் காத்திருப்புப் பட்டியலில்தான். சேர்த்ததெல்லாம் போகும், சம்மதமா என்று மறுமுனையில் இருந்தவன் கேட்டான்.

அப்போதுதான் கைபேசியில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். எந்தப் பயணத்துக்கு எத்தனை புள்ளி என்று வரிசையாக இருந்தது. அதில் ஒரு பிராங்பேர்ட் பயணம். ரதிக்கு முதுகு வெட்டிய கிழமை. வேலையை விட்டு வர ஏலாது என்று சொல்லிவிட்டுப் போன பயணம். ஆஸ்பத்திரியில் அவள் தனியாகக் கிடந்ததற்கும் எனக்குப் புள்ளி போட்டிருக்கிறார்கள். சம்மதம் என்றேன்.

ஏழாம் நாள், குடிபூரலில் பால் பொங்கி வழிந்து சற்று நேரத்துக்குப் பிறகு கடற்கரைக்குப் போனபோது, ரதிக்கு முன் வகுப்பில் இடம் உறுதி என்று செய்தி வந்தது. முதல் ஆளாக நசீருக்குத்தான் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்! மெத்தைய எடுத்துக்கிட்டு வாறன்" என்றார்.

திரும்பும் நாள், பிற்பகல் 1.15. நாற்பத்தாறாம் வரிசையில், இரண்டு பேருக்கு நடுவில் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தேன். என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. இப்படி நிம்மதியாக நான் பறந்ததில்லை.

ஹீத்ரோவில் என் வரிசை இறங்க அரை மணியாகிவிட்டது. முன்னுக்கு இருந்தவர்கள் எப்போதோ போயிருப்பார்கள். வெளியே வந்தால், சுவரோரம் ரதி நிற்கிறாள். சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

"ஏனப்பா நிண்டு கொண்டிருக்கிறீர்? இருந்திருக்கலாமே."

"நோகேல்லை" என்றாள். "ஒருக்காலாவது நீங்கள் இறங்கி வாறதை நிண்டு பாக்க வேணும் போல கிடந்தது."